பசை போடாத பலகை

மண்டபம்,
ஆவணி 10.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ போன் பண்ணியபோது பலகை ஓரம் செதுக்கும் ரௌட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை. கோபப்படாதே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அத்தை வீட்டை இடித்தபோது கிடைத்த தேக்கில் வாசல் கதவு செய்கிறேன். நாலு பலகை, ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம். நடு எழும்பி, நாலு ஓரமும் சரிந்து சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், இறங்கும் பழைய மாடல். முதலில் காந்தத்தால் தடவிப் பார்த்தேன். உப்புக் காற்றில் தலை இற்றுப்போன ஆணி ஏழு உள்ளே கிடந்தன. பிடுங்கிய இடமெல்லாம் கருங்கறை. இருக்கட்டும், அத்தை வீட்டு அடையாளம்.

ரௌட்டர் வேலையைச் சீக்கிரம் முடிக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முதல் பலகையில் அவசரப்பட்டு நீளவாட்டு ஓரத்தை முதலில் ஓட்டிவிட்டேன். அப்புறம் குறுக்கு ஓரத்தை ஓட்டினால், மூலையில் படக்கென்று சிம்பு பெயர்ந்து தெறித்தது. குறுக்கை முதலில் ஓட்டியிருந்தால், மூலையில் பெயர்ந்ததை அடுத்த நீள ஓட்டமே சீவியிருக்கும். உங்க அப்பா இழைப்புளியில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தானே? மெஷின் கைக்கு வந்ததும் மறந்துபோச்சு. மீதி மூன்றையும் 3 மி.மீ. அளவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கை தயங்கி நின்றால் மரம் கருகுகிறது. கச்சான் காற்றில் தூளெல்லாம் பக்கத்து வீட்டுக் கருவாட்டில் போய் விழ, அந்த அக்கா பேசிய பேச்சுக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

கடைசி இழைப்பு கையால்தான். நாலாவது பலகையில் ஒரு கணு, அதைச் சுற்றி நார் திரும்பி ஓடுகிறது. தகட்டைத் தீட்டி, மயிரிழை மட்டும் வெளியே விட்டு, கணுவை நோக்கி இரண்டு பக்கமிருந்தும் இழைத்தேன். வெங்காயத்தோல் மாதிரி சுருள் வந்தது. உப்புத்தாள் எவ்வளவு தேய்த்தாலும் அந்த மினுமினுப்பு வராது.

கொல்லைக் கதவில் நான் பண்ணிய கூத்து ஞாபகம் இருக்கிறதா? பலகையைப் பசை போட்டு இறுக்கினேன். கார்த்திகை மழையில் உப்பி, சட்டங்களை மூலையில் கோத்திருந்த கழுந்தையே பிரித்தது. பங்குனி வெயிலில் நடுவில் பிளந்தது. இந்தத் தடவை பசையே இல்லை, காடிக்குள் பக்கத்துக்கு 3 மி.மீ. இடம். கதவை ஆட்டினால் பலகை லேசாகக் கடகடக்கிறது. "புதுக் கதவா இது?" என்கிறாள் உன் தங்கச்சி. ஐப்பசி வரட்டும் என்றிருக்கிறேன்.

மேல்சட்டத்துக் காடி மட்டும் ஓரிடத்தில் பிடிக்கிறது. உங்க அப்பாவின் காடி இழைப்புளி பரணில் கிடந்தால் வரும்போது எடுத்து வா. துருவேறியிருந்தாலும் சரி, நான் தீட்டிக்கொள்கிறேன்.

உன்,
மண்டபத்தான்