ஏழில் ஐந்து பழையவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இந்த ஆண்டு எத்தனை புத்தகம் படித்தீர்கள்?’ என்று ஞாயிறு இணைப்பில் கேட்டிருந்தீர்கள். அறுபது, எண்பது, ஒருவர் நூற்றிருபது என்று வாசகர்கள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு நானும் எண்ணிப் பார்த்தேன். ஏழுதான் வந்தது. அதிலும் ஐந்து, முன்பே படித்தவை. ‘ஏற்கெனவே படித்த நூல்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்’ என்று கேள்விக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் தணிக்கை வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். முதல் முறை பார்த்த கணக்கைப் பார்த்த கணக்காகவே எங்கள் அறையில் யாரும் மதிக்க மாட்டார்கள். முதல் பார்வைக்கு நீலப் பென்சில், மறுபார்வைக்குச் சிவப்பு, அதற்கும் மேல் ஒருவர் பார்த்தால் பச்சை. இந்தப் பழக்கம் என் புத்தக அலமாரி வரை வந்துவிட்டது. எந்தப் புத்தகத்தை எத்தனை முறை படித்தேன் என்பதற்கு நாட்குறிப்பு வேண்டியதில்லை. பக்க ஓரத்து நிறங்களைப் பார்த்தாலே போதும்.

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னிடம் மூன்று நிறத்தில் இருக்கிறது. வாசகர்களுக்கு அதன் பூர்வ கதை தெரிந்திருக்கும். 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்னிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை அவர் எழுதினார். மழையில் நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அழுபவளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, இதை நெருப்பென்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவுக்கு அன்று ஏகப்பட்ட எதிர்ப்பு. பின்னர் அதே கதையை அவரே கையில் எடுத்து, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊர் கேட்க அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாவலாக எழுதிப் பார்த்தார். 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுதியவரே தன் கதைக்கு மறுபார்வை போட்டிருக்கிறார். அதை நாம் ஒரே முறை படித்துவிட்டு ‘முடிந்தது’ என்று கணக்கு எழுதுகிறோம்.

இருபத்தொரு வயதில் முதல் முறை படித்தபோது நான் முழுக்க முழுக்க அந்தப் பெண் கங்காவின் கட்சி. அந்தத் தாய் வரும் இடமெல்லாம் நீலக் கோடு அழுத்தி விழுந்திருக்கிறது. ஓரிடத்தில் தாள் கிழிந்தேவிட்டது. தாய்மார்கள் பெண்களைப் புரிந்துகொள்வதே இல்லை என்ற பொருளில் நான்கு சொல் எழுதி, பக்கத்தில் ‘உண்மை!’ என்று வேறு போட்டிருக்கிறேன், ஆச்சரியக்குறியோடு. இருபத்தொரு வயதுக்காரிக்கு ஆச்சரியக்குறி மலிவு.

சிவப்புப் பென்சில் எடுத்தபோது எனக்கு நாற்பத்து நான்கு. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், பள்ளியிலிருந்து வர வேண்டிய என் மகள் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தாள். விஷயம் ஒன்றும் இல்லை, சிநேகிதி வீட்டில் இருந்திருக்கிறாள். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் நான் நினைக்காதது எதுவும் இல்லை. அவள் வாசலில் கால் வைத்ததும், எதிர்வீட்டார் நிற்பதைக்கூடப் பார்க்காமல் நான் கத்திய கத்தல் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். பிறகு நாவலில் அந்தத் தாய் அலறும் இடத்துக்கு வந்தபோது என்னால் மேலே போக முடியவில்லை. அவள் செய்தது சரியென்று சொல்ல வரவில்லை. அந்த அலறலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்பது நீலப் பென்சில்காரிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அவ்வளவுதான். அங்கே சிவப்பில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன். இதெல்லாம் அதே புத்தகம், அதே பதிப்பு, அதே பக்கம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னும் அப்படித்தான். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஒரு குரலோ காலடி ஓசையோ கேட்டு, அடுத்த வாரத்துக்கு நம்மை இழுக்கும். பதினாறு வயதில் நானும் அப்படியே இழுபட்டு ஐந்து பாகங்களையும் ஓடி முடித்தேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தெரிந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். (கடைசி வரை திட்டவட்டமாகச் சொல்லவில்லை என்று ஆசிரியர் மேல் அன்று எனக்குக் கோபம்.) மறுபடி படிக்கும்போது அந்த அவசரம் இல்லை. அறுபத்து நான்கு போர்க் காயங்களைச் சுமந்துகொண்டு, கிழ வயதில் நந்தினியை மணந்து, கண்டவர் கேலிக்கும் ஆளான பெரிய பழுவேட்டரையரைப் பதினாறில் நானும் கேலி செய்தவள்தான். இப்போது கடைசிப் பாகத்தில் அவர் ஏமாந்ததை உணர்ந்து இடிந்துபோகும் பக்கங்களைத்தான் முதலில் தேடி எடுக்கிறேன். வந்தியத்தேவன் குதிரையில் போகட்டும், அவனுக்கென்ன.

மறுபார்வையில் எல்லாம் தேறிவிடும் என்று சொன்னால் தணிக்கைக்காரி பொய் சொன்னதாகும். கல்லூரி நாள்களில் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய கவிதைத் தொகுப்பு ஒன்றைச் சென்ற ஆண்டு திறந்தேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை. நிலா, கண்ணீர், மறுபடி நிலா. அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். கவிஞர் மேல் எனக்கு இன்னும் நன்றி இருக்கிறது. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ இதற்கு நேர் எதிர். முதல் முறை கிரிக்கெட்டும் சைக்கிளுமாகப் பையன் ஒருவன் சுற்றுகிற கதையாகத்தான் எனக்குப் பட்டது. கடைசிப் பக்கங்களின் கனம் இரண்டாம் முறைதான் மேலே விழுந்தது.

ஆண்டுதோறும் நான் எடுப்பது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் 1880இல் சந்திக்கும் கட்டம் எனக்கு மனப்பாடம் என்றே சொல்லலாம். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். எண்ணிக்கை சொன்னவருக்கு அன்றே கிடைத்த பதில் அது! அதன் பிறகு ஒரே நூலைத் திரும்பத் திரும்பப் படித்து, ஏடுகளை ஒப்பிட்டு, 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார் ஐயர். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் எத்தனை புத்தகம் படித்தார் என்று உங்கள் ஞாயிறு இணைப்பு கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

‘என் சரித்திரம்’ முற்றுப்பெறாத நூல். ஆனந்த விகடனில் வந்துகொண்டிருந்தபோதே 1942 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். நூற்றிருபத்திரண்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைப் புரட்டி அடுத்தது இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஆகவே ஐயா, என் வேண்டுகோள் சிறியது. அடுத்த ஆண்டுக் கேள்வியில் அந்தப் பொடி எழுத்து வரியை எடுத்துவிடுங்கள். முடிந்தால் புதிய வரவுகளுக்குப் பக்கத்தில், மறுபடி படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி வாசகர் எழுத அரைப் பத்தி இடம் ஒதுக்குங்கள். முதல் முறை என்ன நினைத்தார், இப்போது என்ன நினைக்கிறார், இரண்டும் இருக்க வேண்டும். நூற்றிருபது படித்த அன்பரும் எழுதட்டும். அவருக்கும் ஒன்றிரண்டு இருக்கும்.

இன்னொன்று. என் மூன்று நிறப் பிரதியை மகள் போன மாதம் இரவல் வாங்கிப் போனாள். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நேற்றுத் திருப்பித் தந்தாள். நான் எழுதிய ‘உண்மை!’க்குப் பக்கத்தில் கறுப்புப் பேனாவில் ஒரு கேள்விக்குறி. அது எனக்கா, அந்தத் தாய்க்கா, தனக்கேவா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி