அதே எண்களை வைத்துக்கொள்

அன்புள்ள கலா,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பதில் எழுத இத்தனை நாளானதற்கு என் ப்ராபிட் மாடல்தான் காரணம்; மக்கள் பல வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கணிக்கிற புள்ளியியல் மாடல் அது. நேற்று இரவுதான் முடிந்தது.

வேலைக்குப் போகிறவர்கள் பஸ், ரயில், டூவீலர், கார், நடை இந்த ஐந்தில் எதில் போகிறார்கள் என்று ஒரு சர்வே. இதற்கான எளிய மாடல், சாதாரண லாஜிட், நொடியில் விடை சொல்லும். ஆனால் பஸ் கட்டணம் ஏறினால் ரயிலுக்கும் காருக்கும் ஒரே விகிதத்தில் ஆள் கூடும் என்கிறது. பஸ்ஸை விட்டவர் ரயிலைத்தானே முதலில் பார்ப்பார்? அந்த ஒட்டுறவு வேண்டுமென்று ப்ராபிட்டுக்குப் போனேன். அங்கே ஒவ்வொருவரின் நிகழ்தகவும் நான்கு பரிமாண இன்டெக்ரல் (ஒரு வழியோடு மற்ற நான்கையும் ஒப்பிடுவதால் நான்கு). அதைப் போட வழியில்லாமல்தான் சிமுலேஷன்: ரேண்டம் எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, அதே ஆள் நூறு தடவையில் எத்தனை தடவை பஸ் ஏறுகிறார் என்று எண்ணுவது.

மூன்று வாரம் ப்ரோக்ராம் ஒரு விடையில் வந்து நிற்கவே இல்லை. பாராமீட்டரைத் துளி நகர்த்தினாலும் லைக்லிஹுட் (மாடல் சர்வேயோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மேலும் கீழும் குதித்தது. கடைசியில் பார்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ரேண்டம் எண்களை எடுத்திருக்கிறேன்! நிறுவைக்கு நிறுவை படிக்கல்லை மாற்றினால் அரிசியின் எடை எப்படித் தெரியும்? எண்களை முதலிலேயே எடுத்து வைத்து, கடைசிவரை அவற்றையே கொடுத்தேன். குதிப்பது போயிற்று, ஆனால் எண்ணும் முறையில் மதிப்பு படிப்படியாகத்தான் மாறும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று காட்டும் சரிவே கிடைக்காது. ஏறினார், ஏறவில்லை என்று எண்ணாமல் நிகழ்தகவுகளையே பெருக்கிச் சராசரி எடுக்கும் ஜி.எச்.கே. முறைக்கு மாறிய பிறகுதான் வழவழப்பாக ஓடியது.

ஆனாலும் ஆளுக்கு 50 குலுக்கலில் (ஒரு தடவை ரேண்டம் எண்களை எடுப்பது ஒரு குலுக்கல்) வந்த விடையும் 500-இல் வந்த விடையும் ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் பொருளியலாளர் மக்ஃபாடன் 1989-இல் எகனாமெட்ரிகா இதழில் எழுதியதைத் திரும்ப எடுத்தேன். நாம் படித்தபோது ஏன் இதை உட்கார்ந்து யோசிக்கவில்லை? ஒவ்வொருவரின் நிகழ்தகவிலும் சிமுலேஷன் பிழை உண்டு. அவற்றை அப்படியே கூட்டினால், ஆயிரம் பேரில் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். லாக் எடுத்துக் கூட்டினால் போகாது. பிழை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. அதனால் லாக் எடுக்கும் லைக்லிஹுட் வழியில் சாம்பிள் பெருகும்போது குலுக்கலும் பெருக வேண்டும். லாக் எடுக்காமல், நடந்ததற்கும் நிகழ்தகவுக்கும் உள்ள வித்தியாசங்களைக் கூட்டும் அவருடைய மொமென்ட் வழியில் ஆளுக்கு ஒரே குலுக்கல் போட்டாலும், சாம்பிள் பெருகப் பெருக விடை சரியான இடத்துக்கு வந்துவிடும். எண்ணும் முறையில் அதற்கு விலை, வேரியன்ஸ் (விடையின் சிதறல்) இரு மடங்காவது. பத்து குலுக்கலென்றால் பத்தில் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான். எனக்கு இதைவிட அழகான ஒன்று நம் பாடத்தில் இல்லை.

அடுத்து, ஆளுக்கு ஆள் விருப்பம் மாறலாம் என்று வைத்துக்கொள்ளும் மிக்ஸ்டு லாஜிட்டில், ரேண்டம் எண்களுக்குப் பதிலாக ஹால்டன் எண்களைப் போட்டுப் பார்க்கப்போகிறேன். அரை, கால், முக்கால், அரைக்கால் என்று விட்ட இடத்தைத் தேடித் தேடி நிரப்பும் வரிசை அது. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து டெக்சாஸில் பேராசிரியராக இருக்கும் சந்திரா பட், 100 ஹால்டன் எண்கள் 1000 ரேண்டம் எண்களைவிடத் துல்லியம் என்று 2001-இல் காட்டினார்.

எம்.எஸ்சி.யில் நீ எழுதிய இன்ஃபரன்ஸ் நோட்டு இன்னும் இருக்கிறதா? பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். அப்பாவை வெயிலில் போகவிடாதே.

உன்
மீனா