பட்டியல் போடாமல் ஒரு தாள்கூட வெளியே போக வேண்டாம்: இசைத்துறைத் தலைவருக்கும் பதிவாளருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மாடிப்படிக்குக் கீழே துறையின் பழைய தாள்களை வைத்திருந்த அறையைப் போன வாரம் காலி செய்து, பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியது பற்றித்தான் எழுதுகிறேன். மதிப்பீட்டுக் குழு வருகிறது, கட்டடம் சுத்தமாக இருக்க வேண்டும், புரிகிறது. ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று யாராவது உட்கார்ந்து எழுதி வைத்த பிறகு அனுப்பினீர்களா? ரசீதில் 'கழிவுத்தாள்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறதாம்.

என் ஆசிரியர் ஓய்வு பெற்ற அன்று தன் சுரக்குறிப்பு நோட்டுகள் பதினொன்றையும் துறைக்கே கொடுத்தார். "வீட்டில் இருந்தால் கரையான் தின்னும், இங்கே இருந்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள்" என்றார். அந்த நோட்டுகளைப் பார்க்க இந்த வருடம் மட்டும் நான்கு முறை பஸ் ஏறி வந்தேன். சாவி வைத்திருப்பவர் லீவு, மனு எழுதிக் கொடுங்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றே பதில் வந்தது. கடைசியில் அவற்றைப் பார்த்தது பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் பக்கத்தில். நான்கு கிடைத்தன, கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கி வந்தேன். பாட்டு நீல மையில், சுரம் சிவப்பு மையில். தக்கேசி என்ற பழந்தமிழ்ப் பண்ணில், அதாவது இன்று காம்போதி ராகமாகப் பாடும் பண்ணில், ஒரு தேவாரப் பதிகம் எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், "ஓதுவார் இந்த இடத்தில் காந்தாரத்தை அசைக்காமல் நிற்கிறார், நாம் காம்போதி என்று பாடுவது போல இல்லை" என்று ஒரு குறிப்பு. தேவாரம் பாடிய அந்த ஓதுவார் இன்று உயிரோடு இல்லை. அந்தக் காந்தாரச் சுரம் எப்படி நின்றது என்பதற்கு இந்தப் பென்சில் வரியை விட்டால் உங்கள் அலமாரியில் மிச்சமிருக்கும் பழைய ஒலிப்பதிவு ஸ்பூல் டேப்புகள்தான் சாட்சி. ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன், குப்பென்று வினிகர் வாடை. டேப் கெட்டுக்கொண்டிருப்பதற்கு அதுதான் அடையாளம். இப்படிப்பட்ட டேப்புகளை 2025க்குள் கணினியில் ஏற்றாவிட்டால் பெரும்பாலானவை கைவிட்டுப் போய்விடும் என்று யுனெஸ்கோ 2019லேயே எச்சரித்தது.

அதனால்தான் கேட்கிறேன், முதலில் பட்டியல் போடுங்கள்.

நோட்டும் டேப்பும் மட்டுமல்ல. 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு, 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள், இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று அங்கே எழுந்த வாதங்கள் வகுப்பறைக்குள் எப்படி வந்தன, தமிழ்ப் பாட்டு எந்த வருடம் பாடத்திட்டத்தில் ஏறியது, யார் மறுத்தார்கள், நாகசுரம் படிக்க எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் பாடக்குழுக் கூட்டக் குறிப்பிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் மட்டும்தான் இருக்கும். அவையும் அந்த மூட்டையில் போயிருந்தால் துறையின் வரலாற்றை இனி யாரிடம் போய்க் கேட்பது?

விழா என்றால் பந்தலுக்குப் பணம் வருகிறது, மலர் அச்சடிக்கப் பணம் வருகிறது, இரும்பு அலமாரி வாங்க மட்டும் நிதி இல்லை என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, கோபமும் வருகிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர் பழைய புத்தகத்தோடு நிற்காமல் அழைப்பிதழ், நோட்டீஸ் வரை சேர்த்து வைத்தார். அவர் சேர்த்தவற்றைக் கொண்டுதான் சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகமே இருக்கிறது. தனி ஆளால் முடிந்தது ஒரு பல்கலைக்கழகத்தால் ஏன் முடியவில்லை?

சரி, கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். பட்டியல் போடாமல் ஒரு தாளோ டேப்போ இனி வெளியே போகக் கூடாது. பட்டியல் எழுத ஆள் இல்லை என்றால் பழைய மாணவர்கள் ஆறு பேர் சனிக்கிழமைதோறும் வரத் தயாராக இருக்கிறோம், சம்பளம் வேண்டாம், அறையும் சாவியும் கொடுத்தால் போதும்.

அப்புறம் ஒரு அவசரம். மீதி மூட்டைகள் இன்னும் குடோனில்தான் இருக்கின்றன, திங்கட்கிழமை காலை காகித மில்லுக்கு லோடு ஏறுகிறது என்று கடைக்காரர் சொன்னார். துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் கொடுத்த விலைக்கே திருப்பித் தருவதாகவும் சொன்னார். தயவுசெய்து அந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள், வண்டி நான் பிடித்து வருகிறேன்.

பணிவுடன்,
உங்கள் துறையின் பழைய மாணவி