ஊர்வனவற்றைக் குடும்பம் பிரித்து அறிதல்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் இந்தப் பருவத்தில் ஊர்வன பற்றிய கள ஆய்வு ஒன்றைச் செய்கிறார்கள். கண்ணில் படும் ஒவ்வொரு ஊர்வனவும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை உடலமைப்பையும் வாழிடத்தையும் வைத்து முடிவு செய்து, காரணத்தோடு எழுதித் தர வேண்டும். பிள்ளைகள் வீட்டிலும் தோட்டத்திலும் தேடுவார்கள். அதனால் எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடிதம் சற்று நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இனத்தின் பெயரை நாங்கள் கேட்கவில்லை. உலகில் 12,000க்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் கையில் எடுத்துச் செதில் எண்ணிப் பார்த்தால்தான் நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியும். குடும்பத்தை மட்டும் பெரும்பாலும் தள்ளி நின்றே சொல்லிவிடலாம். கண், விரல், செதில், வால் என்ற நான்கையும் இதே வரிசையில் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

நிறத்துக்கு மதிப்பெண் கிடையாது. காரணம், ஊர்வனவற்றில் நிறத்தைப் போல ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை. ஆண் ஓணானுக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையும் தொண்டையும் சிவக்கும். மற்ற நாளில் அதே ஓணான் வெளிறிய பழுப்பு. சாரைப்பாம்பு மஞ்சளாகவும் இருக்கும், கறுப்பாகவும் இருக்கும். விரித்த படத்தின் பின்புறம் எந்தக் குறியும் இல்லாத நாகங்கள் உண்டு. சட்டை உரிக்கும் முன் எந்தப் பாம்பும் மங்கி, கண் பால் படிந்தது போல் தெரியும். "பச்சையாக இருந்தது, அதனால் பச்சைப்பாம்பு" என்று உங்கள் பிள்ளை எழுதினால், கண்ணையும் செதிலையும் பற்றித் திருப்பிக் கேளுங்கள்.

முதலில், அது ஊர்வனதானா? சாலமாண்டர் பல்லி போலவே இருக்கும். ஆனால் தோல் ஈரமாக, செதிலின்றி இருக்கும். விரலில் நகமும் இராது. அது தவளையின் உறவு. செதிலும், கால் இருந்தால் நகமும் கண்ட பிறகே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

பல்லி வகைகளில் கண்ணிலிருந்து தொடங்குங்கள். சுவர்ப் பல்லிக் குடும்பத்துக்கு அசையும் இமை இல்லை. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில்; தூசு படிந்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். பகலில் கண்மணி நெடுக்கான கோடாகச் சுருங்கும். தோல் மென்மையாக, பொடி மணிகள் பரப்பியது போல இருக்கும். சன்னலின் வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருக்கும்போது உள்ளே இருந்து விரலடியைப் பார்க்கச் சொல்லுங்கள்: குறுக்கு மடிப்புகள் வரிவரியாகத் தெரியும். அந்த மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் லட்சக்கணக்கில் உள்ளன. பல்லி கண்ணாடியில் நிற்பது அவற்றால்தான். விதிவிலக்கும் உண்டு. சிறுத்தைப் பல்லி போன்றவற்றுக்கு அசையும் இமை உண்டு, விரல் மெத்தை கிடையாது. தரையில் வாழும் அவை தனிக் குடும்பமாகவே வைக்கப்பட்டுள்ளன.

அரணைக் குடும்பத்தை வழவழப்பே காட்டிக்கொடுக்கும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த பளபளப்பான செதில்கள், தலைமேல் இருபுறமும் ஒத்த பெரிய தகடுகள், கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத உருண்ட உடல், சிறிய கால்கள். உதிர்ந்த இலை, கல்லடி, தொட்டியடி இவைதான் அதன் இடம். அரணைக்கு நஞ்சு கிடையாது. கடித்தால் மரணம் என்று நம்பி அடித்துக் கொல்வது இன்னும் நிற்கவில்லை. இந்த ஆய்வால் அது ஒரு வீட்டிலாவது நின்றால் எங்களுக்கு மகிழ்ச்சி.

ஓணான் குடும்பத்தில் செதில் சொரசொரப்பானது. பல இனங்களில் ஒவ்வொரு செதிலின் நடுவிலும் கூரான மேடு ஓடும். தலையில் பெரிய தகடுகள் இல்லை, சின்னஞ்சிறு செதில்கள்தான். இமை அசையும், கண்மணி வட்டம், வால் உடலைவிட நீளம். பிடரியில் பலவற்றுக்கு முள் வரிசை. நிறம் மாறுவதால் இதைப் பச்சோந்தி என்று எழுதும் தவறுதான் மிக அதிகம். விரலைப் பார்த்தால் குழப்பமே வராது. பச்சோந்திக்கு ஐந்து விரலும் இரண்டு கற்றைகளாக ஒட்டி, கிளையைக் கவ்வும் இடுக்கியாக இருக்கும்: முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு, பின்காலில் உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். வால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். ஓணானுக்கு இவை எதுவும் இல்லை. உடும்புக் குடும்பத்துக்கு நீண்ட கழுத்து, பாம்பைப் போல் ஆழமாகப் பிளந்த நாக்கு, தலையில் மணி மணியான செதில்.

வாலைக் குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பல்லியும் அரணையும் வாலை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும். புது வாலுக்குள் முதுகெலும்பு இராது, குருத்தெலும்புத் தண்டுதான். செதில் அமைப்பும் நிறமும் பழைய வாலோடு ஒத்துப்போகாது. இரண்டு நிற வால் என்று வியந்து பிள்ளைகள் அதைப் புது இனமாக்கிவிடுகிறார்கள். நிறம் மாறும் இடத்தில் ஒரு வளையம் போன்ற தழும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உடும்பும் பச்சோந்தியும் வாலை உதிர்ப்பதில்லை.

பாம்புக்கு வருவோம். கால் இல்லாதது எல்லாம் பாம்பு அல்ல. காலற்ற பல்லிகள் பல குடும்பங்களில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கண்ணை இமைக்கும், தலையின் பக்கத்தில் காதுத்துளை தெரியும். பாம்புக்கு இமையும் இல்லை, காதுத்துளையும் இல்லை. புழுப்பாம்பை மண்புழு என்று எண்ணுவது இதன் மறுபக்கம். மண்புழு ஈரமாக, வளையம் வளையமாக இருக்கும். புழுப்பாம்பு உலர்ந்து மின்னும், நாக்கை நீட்டும், வால் நுனியில் சிறு முள் இருக்கும். மற்றப் பாம்புகளுக்கு உள்ள அகன்ற வயிற்றுச் செதில் இதற்கு இல்லை. உடலைச் சுற்றிலும் ஒரே அளவுச் செதில்தான்.

விரியன் குடும்பம் தடித்த உடல், குட்டை வால், கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்த தலை கொண்டது. நச்சுப்பல் நீளமாக, மடங்கி விரியும். குழிவிரியன்களுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே வெப்பம் உணரும் குழி உண்டு. நாகம், கட்டுவிரியன், கடல்பாம்பு ஆகியவை வேறொரு குடும்பம். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் நாகத்தின் உறவுதான். இவற்றின் நச்சுப்பல் முன்னால் நிலையாக நிற்கும், தலையில் பெரிய தகடுகள் இருக்கும். கடல்பாம்பின் வால் துடுப்பாகத் தட்டையாகியிருக்கும். மலைப்பாம்புக்கு உதட்டில் வெப்பக் குழிகளும், கழிவாய் ஓரத்தில் பழைய பின்காலின் மிச்சமாக இரண்டு குறுமுட்களும் உண்டு. எஞ்சிய பெருங்கூட்டத்தில் மிகுதி சாரையின் குடும்பத்தைச் சேரும்.

"தலை முக்கோணமாக இருந்தால் நஞ்சு, கண்மணி கோடாக இருந்தால் நஞ்சு" என்ற சூத்திரத்தைத் தயவுசெய்து வீட்டில் சொல்லிக் கொடுக்காதீர்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணம் அல்ல. நஞ்சற்ற மலைப்பாம்புக்கு முக்கோணத் தலையும் கோட்டுக் கண்மணியும் சேர்ந்தே உண்டு. நஞ்சற்ற தண்ணீர்ப்பாம்பு மிரண்டால் தலையைத் தட்டையாக்கி அகலமாகக் காட்டும். ஆப்பிரிக்காவின் இரவு விரியன்களுக்கு வட்டக் கண்மணி. 1957 செப்டம்பரில் சிகாகோவில் ஊர்வன அறிஞர் கார்ல் ஷ்மிட், பெயர் உறுதிசெய்யத் தம்மிடம் வந்த ஒரு பாம்பைக் கையில் பிடித்துப் பார்த்தார். பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரப்பாம்பு போலவே இருந்தது. கழிவாய்ச் செதில் மட்டும் வழக்கம்போல் இரண்டாகப் பிரியாமல் ஒன்றாக இருந்ததால் அவருக்கு ஐயம். அது கடித்தது. மறுநாள் அவர் இறந்தார். அது பூம்ஸ்லாங்தான். வாழ்நாள் முழுவதும் இதையே படித்தவருக்கே ஒரு செதில் ஐயத்தை உண்டாக்கியது என்றால், உயிருள்ள பாம்பை அருகில் போய் அடையாளம் காணும் வேலை பிள்ளைகளுக்கு வேண்டாம். குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நின்று செல்போனில் ஜூம் செய்து எடுத்த படம் போதும். அதுவும் பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் மட்டும்.

செதிலை அருகில் பார்க்கப் பாதுகாப்பான வழி பாம்புச் சட்டை. கிடைத்தால் கையுறை போட்டுக்கொண்டு நீங்கள் எடுத்து வாருங்கள்; பொந்திலும் கல் இடுக்கிலும் பிள்ளை கையை நுழைக்கக் கூடாது. முறுகிப்போயிருந்தால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு, செய்தித்தாள்மேல் விரியுங்கள். சட்டை பெரும்பாலும் உட்புறம் வெளியே திரும்பிக் கழன்றிருக்கும். கண்ணை மூடியிருந்த செதில் இரண்டு கண்ணாடிப் பொட்டுகளாகத் தலைப்பகுதியில் தெரியும். உடலின் நடுப்பகுதியில், அகன்ற வயிற்றுச் செதிலை ஒட்டிய முதல் செதிலில் தொடங்கி, முதுகைக் கடந்து மறுபக்க வயிற்றுச் செதில் வரை செதில் வரிசைகளைச் சாய்வாக எண்ண வேண்டும். நேர் குறுக்காக எண்ணினால் செதில்கள் மாறி மாறி அமைந்திருப்பதால் வரிசை தவறும். வயிற்றுச் செதிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கழுத்தருகே எண்ணிக்கை பொதுவாகக் கூடும், கழிவாயருகே குறையும். ஆகவே நடுப்பகுதியிலேயே மூன்று முறை எண்ணட்டும். சாரைக்குப் பெரும்பாலும் 17, நாகத்துக்கு 21 முதல் 25, கண்ணாடி விரியனுக்கு 27 முதல் 33 வரிசை. கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் 15தான். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். கட்டுவிரியனோடு அடிக்கடி குழப்பப்படும் நஞ்சற்ற ஓநாய்ப் பாம்புக்கு அந்த நடுவரிசை பெருத்திருக்காது. சட்டையின் நீளத்தைப் பாம்பின் நீளமாக எழுத வேண்டாம். உரியும்போது அது இழுபட்டு நீண்டுவிடும். நிழலில் உலர்த்தி, கிடைத்த இடமும் தேதியும் எழுதி உறையில் போட்டு அனுப்புங்கள். ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், எனவே வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

ஆமையில் காலைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. தரை ஆமைக்கு யானைக்கால் போன்ற பின்கால், மேடான ஓடு. நன்னீர் ஆமைக்கு விரல்களிடையே சவ்வு. மென் ஓட்டு ஆமைக்குத் தோல் மூடிய தட்டையான ஓடு, குழாய் போல் நீண்ட மூக்கு, ஒவ்வொரு காலிலும் மூன்றே நகம். கடலாமைக்குத் துடுப்புக் கால்; தலையை ஓட்டுக்குள் இழுக்க முடியாது. இதில் தவறினால் உயிர் போகும்: தரை ஆமையைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குளத்தில் விட்டால் அது நீந்தத் தெரியாமல் மூழ்கி இறக்கும். கடலாமைப் படத்தில் ஓட்டின் பக்கத் தகடுகளை எண்ணலாம். பேராமைக்கும் அழுங்காமைக்கும் பக்கத்துக்கு நான்கு, பெருந்தலை ஆமைக்கு வழக்கமாக ஐந்து, சிற்றாமைக்குப் பெரும்பாலும் ஆறோ மேலோ. ஏழுவரி ஆமைக்குத் தகடே இல்லை, தோல்மேல் ஏழு மேடுகள்தான். அதன் குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது அது ஒன்றே.

முதலைகளைப் படத்தில் மட்டும் பார்த்தால் போதும். வாய் மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிந்தால் முதலைக் குடும்பம், மறைந்தால் அலிகேட்டர் குடும்பம். மூக்கின் அகலத்தை நம்ப வேண்டாம்; சதுப்புநில முதலைக்கு அலிகேட்டர் போலவே அகன்ற மூக்கு.

வாழிடத்தை உடலமைப்புக்குப் பிறகே எழுத வேண்டும். முதலில் எழுதினால், கண்ட இடத்துக்குப் பொருத்தமான விலங்கைப் பிள்ளையின் மனம் தானே வரைந்துவிடும். நீர் குடிக்க வந்த தரை ஆமை நீராமையாகிவிடும், நீந்தும் மலைப்பாம்பு தண்ணீர்ப்பாம்பாகிவிடும். "மரம்" என்று மட்டும் எழுதினாலும் போதாது. தரையிலிருந்து எவ்வளவு உயரம், பட்டையிலா இலையிலா, வெயிலா நிழலா, மணி என்ன என்று எழுதட்டும். காலை வெயிலில் கல்மேல் கிடக்கும் அரணை, அரை மணி கழித்து உடல் சூடேறியதும் இலைக்குள் போய்விடும்.

எந்த உறுப்பைப் பார்க்க முடியவில்லை என்று காரணம் எழுதி "குடும்பம் தெரியவில்லை" என்று முடித்தால் முழு மதிப்பெண் தருவோம். ஊகித்து எழுதினால் இல்லை.

யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் அடையாளம் காணும் வேலையை அங்கேயே விட்டுவிடுங்கள். பாம்பைத் தேடவோ அடிக்கவோ வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் சிம்பு வைத்து, நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது எல்லாமே கேடு. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலியோ தடமோ இல்லாமலும் போகலாம். காலையில் வயிற்றுவலியும், கண் இமை தொங்குவதும், விழுங்க முடியாமையும் சேர்ந்து வந்தால் கடி நினைவில் இல்லாவிட்டாலும் கொண்டு போங்கள்.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பெரியவர் யாரும் உடன் செல்ல முடியாத வீடு என்றால் சீட்டில் அதைக் குறியுங்கள். அந்த மாணவர்களுக்குப் பள்ளியிலேயே படங்களையும் சட்டைகளையும் வைத்து ஆய்வு நடத்துவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்