அலுமாரியில் இருக்கும் வழிகாட்டிகளை எடுத்துப் படிப்போம்

ஆசிரியர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

உடல்நலம், மனநலம், பிள்ளை வளர்ப்பு, குடும்பச் செலவு ஆகியவற்றில் எதைப் படித்தால் பயன் உண்டு, யார் சொல்வதைக் கேட்டு நடக்கலாம் என்று திருகோணமலையில் இளம் தாய்மாரும், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று கடமையாற்றி ஓய்வு பெற்ற குடும்பநல உத்தியோகத்தர் என்பதால், தெருவில் கண்டாலும் “மிஸ்ஸி, ஒரு விசயம் கேட்க வேண்டும்” என்று நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத, தமிழில் அச்சிட்ட, பிழை வந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் வெளியிட்ட வழிகாட்டிகள் நமது வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன; அவற்றைத் திறந்து பார்க்கும் பழக்கந்தான் குறைந்து வருகிறது.

பிள்ளை பிறந்ததும் ஒவ்வொரு தாய்க்கும் இலவசமாகக் கொடுக்கப்படும் சுகாதாரப் பதிவேட்டையே முதலில் குறிப்பிடுவேன். ஆண் பிள்ளைக்கு நீல நிறத்திலும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் கிடைக்கும் இந்தப் புத்தகத்தைப் பெரும்பாலான வீடுகளில் பொலித்தீன் உறைக்குள் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து அலுமாரியின் மேல்தட்டில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். தடுப்பூசி போடும் நாளிலும், தரம் ஒன்றில் சேர்க்கும் காலத்திலும் மட்டுமே அது கீழே இறங்கும். எந்த மாதத்தில் பிள்ளை தலையை நிமிர்த்த வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தபின் உணவை எப்படித் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்துப் பிள்ளை வளர்ப்புப் புத்தகம் வாங்கும் பெற்றோரிடம், அதற்கு முன் இதை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை வாசியுங்கள் என்றே நான் சொல்வேன்.

அதிலுள்ள நிறை வரைபடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோடு பச்சைப் பகுதிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாய்மார் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் பச்சைக்குள் இருந்தபடியே இரண்டு மூன்று மாதங்களாக ஏறாமல் கிடையாக ஓடும் கோடுதான் முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் உணவைக் கவனித்தாலே போதும், பிள்ளை பெரும்பாலும் தேறிவிடும். கோடு நிறம் மாறும் வரை காத்திருந்தால் தேற்றுவதற்கு நெடுங்காலம் எடுக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கன்னத்தோடு தன் பிள்ளையின் கன்னத்தை ஒப்பிட்டுக் கவலைப்படும் தாய், போன மாதத்துப் புள்ளியோடு இந்த மாதத்துப் புள்ளியை ஒப்பிட்டுப் பார்த்தால் தனக்கு வேண்டிய விடையை அங்கேயே காண்பார்.

இரண்டாவது வழிகாட்டி இன்னும் சிறியது: வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச்சீனித் தூளான ஜீவனியின் பொதியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் சில வரிகள். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குப் பொதியில் கொஞ்சத்தை ஒரு குவளை நீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மடித்து அடுத்த நாளுக்கென்று வைக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சிக்கனமாகத் தோன்றும் இந்தச் செயல் ஆபத்தானது. உப்பும் சீனிச் சத்தும் குறித்த ஒரு விகிதத்தில் நீரில் சேர்ந்திருந்தால்தான் குடல் அந்த நீரை உடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பொதியின் ஒரு மூலையிலிருந்து கிள்ளிப் போடும்போது அந்த விகிதம் கெட்டுவிடுகிறது. கரைசல் தடித்துப் போனால் பிள்ளையின் உடலில் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். முழுப் பொதியையும் அதில் எழுதியுள்ள அளவு நீரில், பெரும்பாலும் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில், ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவே கூடாது. பொதி கைவசம் இல்லாத இரவில் 1 லீற்றர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியை மட்டமாக வழித்து அளந்து, கரைத்துக் கொடுக்கலாம்.

மாரி மழை தொடங்கியதும் நமது மாவட்டத்தில் காய்ச்சல் பரவும். 2017 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,000 க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானபோது கிண்ணியா பட்ட பாட்டை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களில் வட்ஸ்அப் குரல்பதிவுகள் வீட்டுக்கு வீடு பறந்தன. ஒன்று பப்பாசி இலைச்சாற்றைக் குடிக்கச் சொன்னது. மற்றொன்று குறிப்பிட்ட ஒரு மாத்திரையைப் போடச் சொன்னது. பேசியவர் யார், எந்த ஊர், எப்போது பேசினார் என்று எவருக்கும் தெரியாது. சுகாதார மேம்பாட்டுப் பணியகமும் தொற்றுநோயியல் பிரிவும் தமிழில் வெளியிட்ட துண்டுப்பிரசுரமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அது சொல்லும் செய்திகள் எளிமையானவை. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே எடுக்க வேண்டும். வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம், ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளுக்கு நிறையின்படியே அளவு. அஸ்பிரின், ஐபுபுறூபன், டைக்குளோபினாக் ஆகியவற்றைத் தொடவே கூடாது, ஏனெனில் அவை இரத்தப்போக்கை ஏற்படுத்தக்கூடியவை. சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்க்க வேண்டும். வாந்தியில் இரத்தம் கலந்திருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கும்போது அந்த நிறங்கள் குழப்பும். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைத்தான் மக்கள் தவற விடுகிறார்கள். டெங்குக் காய்ச்சலில் சூடு இறங்கும் நேரமே ஆபத்துத் தொடங்கும் நேரமாக இருக்கலாம். “காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை” என்று வீட்டார் ஆறுதல் அடையும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தம்பலகாமம், மூதூர், கந்தளாய்ப் பக்கத்து வயல்களில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விதைப்புக்கு முன்னரே கேட்டு அறிய வேண்டும், அது இலவசம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, வெட்டுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றுமே தீமை. மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ முறிவு ஏற்பட்ட உறுப்பைப் போல அசையாமல் வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடு முழுவதும் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. காசு கேட்பார்கள் என்றெண்ணி முச்சக்கர வண்டி தேடி நேரத்தை இழப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் இரத்த அழுத்தம், சீனி, உடல் நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்த்து ஆலோசனை சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. நோய் வந்தபின் போகும் இடமென்று நினைத்து ஆண்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைக் கடைப்பிடிக்க நமக்கு உடற்பயிற்சிக் கூடம் எதுவும் தேவையில்லை. கோணேசர் கோயில் ஏற்றமும் நீண்ட கடற்கரையும் உள்ள ஊர் இது. கருவாடு, ஊறுகாய், பொரியல் சேர்ந்த நமது சாப்பாட்டில் உப்பு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்பதைக் குடும்பத்தில் சமைப்பவரும் சாப்பிடுபவரும் சேர்ந்து ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சுய முன்னேற்றத்துக்கென்று விற்கப்படும் புத்தகங்களையும் காணொளிகளையும் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சில வாரங்களில் வாழ்க்கை மாறும் என்று வாக்களிப்பவை இளைஞர்களுக்கு நன்மையைவிடக் குற்ற உணர்ச்சியையே அதிகம் கொடுக்கின்றன. குறித்த நேரத்தில் தூங்கி எழுவது, வரவையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதுவது, வாரத்தில் சில நாட்களாவது நூலகத்தில் அமர்ந்து வாசிப்பது, செஞ்சிலுவைச் சங்கமோ சென். ஜோன் அம்புலன்ஸ் அமைப்போ நடத்தும் முதலுதவி வகுப்பில் சேர்வது ஆகிய பழக்கங்கள் ஓர் இளைஞரை எவ்வளவு உயர்த்துகின்றன என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மனம் தளர்ந்து தூக்கமும் பசியும் கெட்டுப்போனவருக்கு எந்த ஊக்கப் பேச்சும் மருந்தாகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அவரது கையில் கொடுப்பதும், ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவரோடு கூடச் செல்வதுமே உண்மையான உதவி.

உடல்நலத்தின் பெயரால் பணத்தைப் பறிக்கும் வழியும் ஒன்று உண்டு. எல்லா நோயையும் தீர்க்கும் மாத்திரைப் போத்தலை வாங்கி, உங்களுக்குக் கீழே இன்னும் சிலரைச் சேர்த்தால் இலாபம் வரும் என்று உறவினர் மூலமாகவே இது வீட்டுக்குள் நுழைகிறது. ஆள் சேர்ப்பதில் வருமானம் தரும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. தடைக்குள்ளான நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. சேர்வதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது குடும்பத்துக்குச் செய்யும் பெரும் பாதுகாப்பு. எந்த ஆலோசனையையும் ஏற்கும் முன், சொல்பவர் பெயரோடும் பதவியோடும் நிற்கிறாரா, திகதி இருக்கிறதா, கூடவே எதையாவது விற்கிறாரா, எந்த நிலையில் வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொல்கிறாரா என்று பார்த்தாலே பாதிப் பொய்கள் உதிர்ந்துவிடும்.

மருத்துவ அறிவைத் தமிழில் சொல்ல முடியாது என்று சிலர் இன்னும் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. 19 ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கிக் கொடுத்தார். இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. 2005 முதல் இணையத்தில் இயங்கும் “நூலகம்” என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்தின் பழைய சுகாதாரச் சஞ்சிகைகளையும் மருத்துவ நூல்களையும் கைத்தொலைபேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம். மருந்து அளவுகள் காலத்தோடு மாறுவதால் அவற்றை மட்டும் இன்றைய வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாரி மழை தொடங்கும் ஒக்டோபருக்கு முன்னர், நான் மேலே குறிப்பிட்ட காய்ச்சல் அறிவுறுத்தல்களையும் 1990, 1926 ஆகிய இலக்கங்களையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐயும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டக்கூடிய கட்டமாக, வைத்தியர் ஒருவர் பார்த்து உறுதி செய்த பின், தங்கள் பத்திரிகையின் உட்பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டும். நமது பொது நூலகமும் பிரதேச நூலகங்களும் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களைப் பணிமனைகளிலிருந்து பெற்று, பத்திரிகை வாசிக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டில் வைக்க முன்வர வேண்டும். அந்தத் தட்டை மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, பழையதை எடுத்துப் புதியதை அடுக்கும் வேலையைச் சம்பளமின்றிச் செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.