பதினேழு கோரிக்கைகளும் ஒரு நோட்டும்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபித்துக்கொள்ளாதே, விடைத்தாள் திருத்தும் காலம். முழங்கால் வலி படியேறும்போது மட்டும் தலைகாட்டுகிறது. எங்கள் துறையோ மூன்றாம் மாடியில் இருக்கிறது. கண்புரை அறுவை முடிந்து நீ மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதுதான் உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அடுத்தது, உன் இளையவள் மாணவர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நூலைப் போலச் சேலை.

அவள் தன் கோரிக்கைப் பட்டியலை எனக்கும் அனுப்பியிருந்தாள். "சித்தி, கொஞ்சம் பார்த்துத் திருத்தித் தாருங்கள்" என்று மேலே ஒரு வரி. மொத்தம் 31 கோரிக்கைகள். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. மற்றதைத் திருத்த எனக்கு அருகதை உண்டா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்கு எழுதுவதற்கு முன் உனக்கு எழுதுவது அதனால்தான்.

நம்முடைய பதினேழு நினைவிருக்கிறதா? விடுதி வராந்தாவில் உட்கார்ந்து விடிய விடிய எழுதினோம். கோரிக்கைகளைவிடக் கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் போனது. "பணிவன்புடன்" என்ற சொல்லை நீ அடித்தாய், நான் சேர்த்தேன், நீ மறுபடியும் அடித்தாய். பணிவும் வேண்டாம், அன்பும் வேண்டாம், நியாயம் போதும் என்றாய். கடைசியில் சொல் இருந்ததா, போனதா என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த மனுவை ஒரு கோப்பில் பார்த்தேன். இருந்தது. நான்தான் ஜெயித்திருக்கிறேன்.

பதினேழில் நடந்தவை இரண்டு. ஒன்று, நூலகம். எட்டு மணிக்கு மூடுவதைப் பத்து மணியாக்கச் சொல்லி மூன்று முறை கேட்டோம். "மாணவர்கள் வருவதில்லை" என்று மூன்று முறையும் ஒரே பதில். அப்போதுதான் நீ அந்த நீலநிற நோட்டை வாங்கினாய். பன்னிரண்டு இரவுகள் நூலக வாசலில் நின்று, மூடும் மணி அடித்ததும் எழுந்து வருபவர்களை எண்ணினாய். ஒரு நாள் 43 பேர், மழை கொட்டிய நாளில் 19 பேர். அந்த 19 நம் கட்சியைக் கெடுத்துவிடும், விட்டுவிடு என்று நான் கெஞ்சினேன். நீ அசையவில்லை. இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும்போது தெரிகிறது: 43ஐ அவர்கள் நம்பியதே அந்த 19 இருந்ததால்தான்.

இரண்டாவது, மகளிர் விடுதிக்குப் போகும் பாதையில் விளக்கு. நாம் படிப்பை முடித்துக் கிளம்பிய மாதம்தான் கம்பம் நட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து நான் விரிவுரையாளராகத் திரும்பி வந்தபோது கம்பம் நின்றது; பல்பு இல்லை. எத்தனை காலமாக எரியவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. "ஒரு புகாரும் வரவில்லையே, அம்மா" என்றார் பராமரிப்புப் பிரிவு ஊழியர். அவர் சொன்னது உண்மை. விளக்கு கேட்டவர்கள் போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதை அப்படித்தான் இருட்டாக இருக்கும் என்று நினைத்து, கூட்டமாக நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

பிறகு என்னை மாணவர் நலக் குழுவில் போட்டார்கள். முதல் வேலையாக நம் கோப்பைத் தேடி எடுத்தேன். மனுவின் ஓரத்தில் சிறிய, அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு: "மனுதாரர்கள் படிப்பு முடிந்து சென்றுவிட்டனர். முடித்து வைக்கலாம்." அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தோழி. எழுதியவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து எந்த மாணவர் மனுவைப் பார்த்தாலும் முதலில் அந்த ஓரம்தான் என் கண்ணில் படுகிறது.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நானும் அதையே செய்திருக்கிறேன். விடுதியில் தங்காமல் தினமும் வந்துபோகும் மாணவர்கள், வகுப்புகளுக்கு நடுவே உட்கார ஓர் அறை கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. "அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்" என்று என் வாயாலேயே சொன்னேன். எங்கள் குழு பருவத்துக்கு இரண்டு முறைதான் கூடும். அடுத்த கூட்டத்தில் இடம் இல்லை என்றார்கள், அதற்கடுத்த கூட்டம் தேர்வோடு மோதித் தள்ளிப்போனது. கேட்டவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. காலண்டர் எனக்காக அந்த வேலையைச் செய்துவிட்டது. கோரிக்கையை மறுக்க நிர்வாகத்துக்கு ஒரு காரணம்கூடத் தேவையில்லை, காத்திருந்தால் போதும். இதைத்தான் உன் மகளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறேன்.

அவளுடைய பட்டியலுக்கு முன்னுரை போல ஒரு வரி: "பல்கலைக்கழகம் மாணவர்களுக்கே சொந்தம்." உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டாள் என்று சிரிக்காதே, சரித்திரம் அவள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 1088ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் "யுனிவர்சிடாஸ்" என்ற லத்தீன் சொல்லே மாணவர்களின் சங்கத்தைத்தான் குறித்தது. பேராசிரியர்கள் அந்தச் சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். ஒரு நாள் விடுப்புக்கும் மாணவர்களிடம்தான் அனுமதி. மணி அடித்த பிறகும் பாடத்தை இழுத்தால் அபராதம். வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லை என்றால், ஆசிரியரே வரவில்லை என்று கணக்கு! இதை எங்கள் துறைக் கூட்டத்தில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த மாணவர்களின் பலம் எங்கே இருந்தது என்று யோசித்துப் பார். அவர்களால் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்று மிரட்ட முடிந்தது. வெறும் மிரட்டலும் அல்ல. 1222இல் ஒரு கூட்டம் பொலோனியாவிலிருந்து கிளம்பிப் போனதில்தான் பதுவா பல்கலைக்கழகம் பிறந்தது. அவர்கள் கிளம்பினால் ஊரே நடுங்கியது. நம் மனுவில் நாம் கிளம்பியதும் என்ன எழுதினார்கள் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு கணித மாணவி வேறு மாதிரி. மதிய உணவு வரிசை எங்கள் வளாகத்தின் நிரந்தரத் தலைவலி. ஒவ்வோர் ஆண்டும் "உணவுக்கூடத்தைப் பெரிதாக்குங்கள்" என்று மனு வரும், "நிதி இல்லை" என்று பதில் போகும். இவள் கட்டடம் கேட்கவில்லை. ஒரு வாரம் வரிசையை அளந்துவிட்டு, ஒரே தாளோடு வந்தாள். வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய ஒரு விதி உண்டாம்: நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து சேர்கிறார்களோ அதை, ஒருவர் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால், வரிசையில் சராசரியாக எத்தனை பேர் நிற்பார்கள் என்று கிடைக்கும். எங்கள் கணக்கில் நிமிடத்துக்கு எட்டுப் பேர், இருபது நிமிடக் காத்திருப்பு, ஆக 160 பேர். "கூடம் சிறியது அல்ல, மேடம். எல்லா வகுப்பையும் ஒரே நிமிடத்தில் விடுகிறீர்கள்" என்றாள். பாதித் துறைகளுக்கு இருபது நிமிடம் முன்னதாக மணி அடித்தால் போதும் என்பது அவள் யோசனை.

கால அட்டவணைக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஒரே ஒரு மாதம், நான்கு துறைகளில் மட்டும், சரிவராவிட்டால் நானே வந்து மன்னிப்புக் கேட்டுப் பழையபடி மாற்றச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வழி இருக்கவில்லை. மாத முடிவில் வரிசை கதவுக்கு உள்ளே வந்துவிட்டது. இன்றுவரை அந்த ஏற்பாடு நடக்கிறது.

நான் அவளிடம் மயங்கியது கணக்கில் அல்ல. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் இரண்டு முதலாண்டுப் பிள்ளைகளைக் கூடவே கூட்டி வந்தாள். அவர்கள் வாய் திறக்கவில்லை, பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். எதற்கு இந்த வால் என்றுகூட நினைத்தேன். அவள் பட்டம் பெற்றுப் போன ஆண்டு, ஒரு துறை சத்தமில்லாமல் பழைய நேரத்துக்கு மாறியது. மறுநாளே அந்த இரண்டு பிள்ளைகளும் நோட்டோடு என் அறை வாசலில் நின்றார்கள். நம் விளக்குக்கு இப்படி இரண்டு பேர் இருந்திருந்தால்!

இப்போது உன் மகளுடைய 31க்கு வருகிறேன். பாதிக்கு மேல் குழாய், விசிறி, நாற்காலி, கழிவறைக் கதவு. இவற்றை மனுவில் போடவே கூடாது. மனுவில் போட்டால் கழிவறைத் தாழ்ப்பாள்கூடக் கொள்கை முடிவாகிவிடும். நேரே பராமரிப்புப் பிரிவுக்குப் போய், தேதி போட்டு எழுதிக் கொடுத்து, வாரா வாரம் போய் நிற்க வேண்டியதுதான்.

முதல் கோரிக்கை, ஆட்சிக் குழுவில் மாணவர்களுக்கு வாக்குரிமையுடன் இடம். இதை விடவே வேண்டாம் என்று சொல். 1918இல் அர்ஜென்டினாவின் கொர்தோபா மாணவர்கள் நிர்வாகத்தில் பங்கு கேட்டுக் கிளம்பினார்கள். அந்தத் தீ லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவியது. நாற்காலி மட்டும் தருகிறோம், வாக்கு வேண்டாமே என்று இவளிடம் தேனொழுகப் பேசுவார்கள். நானே அப்படிப் பேசியிருக்கிறேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969இல் ஒரு கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கருத்துக் கேட்பதும், சமாதானத்துக்கு ஒரு நாற்காலி போடுவதும் அதில் நடுப்படிகள்தாம், வெறும் ஒப்புக்கு. அந்தக் கட்டுரையிலேயே பிரெஞ்சு மாணவர்களின் சுவரொட்டி ஒன்றையும் காட்டியிருப்பார். இலக்கண வாய்பாடு மாதிரி இருக்கும்: நான் பங்கேற்கிறேன், நீ பங்கேற்கிறாய், அவன் பங்கேற்கிறான், நாம் பங்கேற்கிறோம், நீங்கள் பங்கேற்கிறீர்கள், அவர்கள் லாபம் பார்க்கிறார்கள். இதை என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். குழுத் தலைவர் இன்னும் கவனிக்கவில்லை.

மனநல ஆலோசகர் பற்றிய கோரிக்கை நல்லது. ஆனால் "இருபத்து நான்கு மணி நேரமும்" என்று கேட்டிருக்கிறாள். இப்போது இருப்பவரைப் பார்க்க ஒரு மாணவர் எத்தனை நாள் காத்திருக்கிறார் என்று முதலில் விசாரிக்கச் சொல். அந்த நாட்கணக்கைக் கேட்ட பிறகு யாரும் எளிதாக மறுத்துவிட முடியாது.

என்னை நிறுத்தி வைத்தது 27ஆம் எண். ஒரே வரி: "விடுமுறை நாட்களில் முதலாண்டு மாணவர்கள் பலர் தனியாகச் சாப்பிடுகிறார்கள்." கோரிக்கையே இல்லை, யாரிடம் என்ன கேட்பதென்றும் இல்லை. இருந்தாலும் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறாள். இதை எந்தக் குழுவாலும் தீர்மானம் போட்டுத் தீர்க்க முடியாது. முதல் வாரத்தில் நான் தட்டை ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றபோது, நீ உன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இடம் காட்டினாய். அதற்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது? இந்த ஒன்றை மட்டும் அனுமதி கேட்காமல் அவளே தொடங்கிவிடலாம்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு பருவங்கள் இருக்கின்றன. என் கோப்புகளின் ஓரத்திலும் யாராவது "சென்றுவிட்டார்" என்று எழுதுவார்கள். வந்துபோகும் மாணவர்களின் அறையை மறுபடியும் கூட்ட நிரலில் சேர்த்திருக்கிறேன். இந்த முறை புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். கணிதக்காரி கற்றுக்கொடுத்த வித்தை.

சரி, ஒரு காரியம் செய். அந்த நீலநிற நோட்டு உன்னிடம்தான் இருக்க வேண்டும். நீ எதையும் எறிகிறவள் அல்ல. தேடி எடுத்து வை, ஆனால் அவளிடம் இப்போதைக்குக் காட்டாதே. அவளும் முதலில் ஒரு பத்து நாளாவது ஏதாவது ஒரு வாசலில் நின்று எண்ணட்டும். மழை பெய்கிற நாளிலும் போகிறாளா என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி