பந்தியில் கேட்காத சான்றிதழ்

ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விடவில்லை என்றால், அம்மா முதலில் செய்வது பண்ணாரி அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. நேர்த்திக்கடன் எங்களுக்குப் பழகிய காப்பீடு!

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. இதில் சேர்வதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பையும் 72,000-லிருந்து 1,20,000 ரூபாய் ஆக்கினார்கள். சரி, மாதம் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியுமாகத் தறி ஓட்டினாலே அதைத் தாண்டிவிடும். அதற்காக அவர்கள் வசதியானவர்களா? போன வருடம் பக்கத்து வீட்டு அண்ணன், மூட்டு ஆபரேஷனுக்குத் தாலிக்கொடியை அடகு வைத்தார்.

கோயில் அன்னதானப் பந்தியில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. நோன்புக் கஞ்சி ஊற்றும் பள்ளிவாசலிலும் கேட்பதில்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் 70 வயது ஆனவர்களுக்கு 2024-ல் வருமானக் கணக்கு இல்லாமல் கொடுத்தார்களே, அதையே 60 வயதுக்கு இறக்கலாம். கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்களுக்கு வரம்பையே எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறிக்காரர்,
சென்னிமலை